மைக்செட்டுக்கு ஒரு பல்செட்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. வார இதழ் ஒன்றின் ஆசிரியர், நாம் நாள்தோறும் புழங்குகிற ஆங்கிலச் சொல் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நான் ‘செட்’டை எடுத்துக்கொண்டேன். ஆங்கில அகராதியில் அதைத் தேடிப் போனவர்களுக்குத் தெரியும்: அந்தச் சொல் பக்கம் பக்கமாகப் போகும். முடிந்ததென்று தாளைத் திருப்பினால் அங்கேயும் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும்.

அகராதியைவிட நம் வாய்க்குள் வந்தபின் அந்தச் சொல் என்ன ஆனது என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எதிர்வீட்டில் தளம் போட்டவர்கள் கான்கிரீட் செட் ஆகட்டும் என்று தண்ணீர் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என் மகளுக்குக் கல்லூரியில் ஒரு செட்டு இருக்கிறது. அந்தச் செட்டு இன்னொரு செட்டோடு பேசாது. மச்சினன் புது வேலையில் சேர்ந்து, செட் ஆகவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். ஒரு சட்டை செட் ஆகாது, ஒரு வீடு செட் ஆகாது, ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் செட் ஆகாது. ஆங்கிலமே தாய்மொழியான ஒருவரிடம் இந்தக் கடைசிப் பிரயோகத்தை விளக்க முயன்று தோற்றேன். அவர், ‘எது செட் ஆகவில்லை?’ என்று கேட்டார். அதைத்தான் நாங்கள் சொல்வதில்லை என்றேன்.

பல்செட் என்று ஒன்று இருக்கிறதே என்று, செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றுக்குப் போனேன். உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ போனை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “அக்கா, அந்தப் பல்செட்டு இன்னும் செட் ஆகலையாம். மறுபடி வருது.”

ஜன்னலோரம் இருந்த பெண் திரும்பவில்லை. கையிலிருந்த மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டியபடியே இருந்தாள். கத்தி சூடேறி, மெழுகு ஒழுகி மேசையில் சொட்டியது. அப்போதும் எடுக்கவில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின் கட்டுரை வரவில்லை. இனி வருவதெல்லாம் சொந்தச் சரக்கு.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தங்கள் இருக்கின்றனவோ அத்தனை’ — வேண்டாம். பள்ளி ஆண்டுமலர் வாடை.

‘அவள் அந்த வாயை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு மேடுபள்ளமும் அவள் விரல்களுக்கு’ — அழகாகத்தான் இருக்கிறது. அதனால்தான் சந்தேகம்.

‘ஏலக்காரர் வாயைத் திறந்தார், பல் விழுந்தது.’ — இதில் தொடங்கினால் வாசகர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பல் விழுந்தவருக்கு அது சிரிப்பில்லை. இது தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

3

மருந்துக்கடைக்கு மேலே மாடி. மூன்று மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி, எப்போதும் லேசாக வெள்ளை படிந்த தரை. அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். அந்த லேபில் வேலைதான் பேர். அச்சு ஊற்றுகிறவர் பிளாஸ்டர், மெருகு போடுகிற இளைஞன் பாலிஷ், மெழுகில் பல் அடுக்குகிறவள் செட்டிங். பாலிஷ் மட்டும் மரியாதைக்கு ‘செட்டிங் அக்கா’ என்பான்.

[முதல் பிரதியில் அவளுக்கு ஒரு குடிகாரக் கணவனைக் கொடுத்திருந்தேன். ஏன் என்று என்னையே கேட்டேன். உழைக்கிற பெண் என்றால் கை தானாக எழுதிவிடுகிறது. எடுத்துவிட்டேன். இப்போது அவளுக்குப் பாத்திரம் கழுவுகிற ஒரு கணவன் இருக்கிறான். கதைக்கு அவனால் எந்த உபயோகமும் இல்லை. நிம்மதியாக இருக்கட்டும்.]

அவளிடம் ஒரே ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கோணலைக் கண்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலர் மடங்கியிருந்தால் இறங்குகிற வரைக்கும் அவளுக்கு வேறு நினைப்பு ஓடாது. வரவேற்பறையில் மாட்டிய படம் சாய்ந்திருக்கும் வீட்டில் அவளால் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. இந்தக் குணத்தால்தான் லேபில் அவளுக்கு நல்ல பெயர். அவள் அடுக்கிய பல் வரிசையைப் பார்த்தால் மேஸ்திரி நூல் பிடித்துக் கட்டிய சுவர் மாதிரி இருக்கும்.

ஆனால் அவள் வாய்களைப் பார்ப்பதில்லை. அது இந்தத் தொழிலின் வழக்கம். நோயாளி டாக்டரிடம், அச்சு மட்டும் லேபில். செய்த பல் எந்த முகத்துக்குள் போய் உட்கார்ந்தது, அது சிரித்ததா, மென்றதா, திட்டியதா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. திரும்பி வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

4

இப்போது அவள் செய்த தப்பு.

பல் இல்லாதவர் வாயை எப்படி மூடுகிறார் என்பதை, மெழுகுத் திட்டைக் கடிக்கவைத்து டாக்டர் பதிவு செய்து அனுப்புவார். லேபில் அதற்குப் பெயர் ‘கடி’. அந்தக் கடிப்படி மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கீல் வைத்த ஒரு கருவியில் மாட்டி, நடுவே பல்லை அடுக்க வேண்டும்.

அன்றைக்கு வந்த கடியில் கீழ்த்தாடை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதிகமில்லை, ஒரு நூல் அளவு. செட்டிங் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டினாள். முறைப்படி போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுபடி ஆளை வரவழைத்து, மறுபடி கடிக்கவைத்து, வேலை நான்கு நாள் தள்ளிப்போகும். அவள் கேட்கவில்லை. கீழ்த்தாடையை நடுவுக்குத் தள்ளி மாட்டினாள். மனசு லேசானது.

முன்பும் செய்திருக்கிறாள். ஒன்றும் ஆனதில்லை.

மெழுகிலேயே வாயில் வைத்துப் பார்க்கும் ட்ரையலிலும் எதுவும் தெரியவில்லை. டாக்டர் அறையில் எல்லாரும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து, கடி என்றால் கடிப்பார்கள், சொல் என்றால் மெதுவாகச் சொல்வார்கள். பல் அழகாக இருந்தது. டாக்டருக்குத் திருப்தி. அந்த வாய்க்குச் சொந்தக்காரர் ஒரு ஏலக்காரர்; கண்ணாடியில் பார்த்த அவருக்கும் திருப்தி. பிறகு அவர் வேலைக்குப் போனார்.

5

இரண்டு முறை திரும்பி வந்தது. ‘செட் ஆகல’ என்பதற்கு மேல் எந்த விவரமும் இல்லை. இரண்டு முறையும் செட்டிங் ஓரத்தைத் தேய்த்து அனுப்பினாள். மூன்றாவது முறை பல்லைத் தூக்கிக்கொண்டு ஆளே வந்துவிட்டார்.

வாசலில் அறுபதைத் தாண்டிய ஒருவர், வாயைக் கைக்குட்டையால் மூடியபடி. பின்னால் மூச்சு வாங்க ஓர் இளைஞன்.

“இங்க பல்லு செய்யறது யாரு?”

“நோயாளிங்க இங்க வரக்கூடாதுங்க” என்றான் பாலிஷ். “டாக்டர்கிட்டதான் போகணும்.”

“நான் நோயாளி இல்ல தம்பி. ஏலக்காரன்.”

“மாமா, மாடி ஏறாதீங்கன்னு சொன்னேன்ல” என்றான் பின்னால் வந்த மருமகன்.

[பல் இல்லாதவர் பேச்சை அப்படியே எழுத்தில் காட்ட முயன்றேன். ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆகி, வாசிக்கக் கேலியாக இருந்தது. அவரைக் கேலி செய்ய ஏற்கெனவே ஒரு மார்க்கெட்டே இருக்கிறது. எனவே முழுப் பல்லோடு பேசுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.]

அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். பட்டப்பெயர் மைக்செட். மேடையில் ஏறி ஒரு குரல் கொடுத்தால் கடைசி வரிசையில் லாரி மேல் நிற்பவனுக்கும் விலை கேட்கும். மைக் தேவைப்பட்டதே இல்லை.

“இப்ப மைக்செட்டுக்குப் பல்செட்டு மாட்டுனதும் சவுண்டு போச்சுன்னு மூட்டை தூக்கறவன்லாம் சிரிக்கிறான்மா. பின்வரிசைக்கு என் குரல் விசில் மாதிரி போவுதாம். வாங்கறவன்லாம் ஒரு செட்டு சேர்ந்துட்டான். காதுல விழலைன்னு சொல்லிச் சொல்லி அடிமாட்டு வெலைக்குக் கேக்கறான். சங்கத்துல இந்த வாரக் கடைசி வரைக்கும் டைம் குடுத்துருக்காங்க. அன்னிக்கும் பின்வரிசைக்குக் கேக்கலைன்னா எறங்கணும். மருமவன் ஸ்பீக்கர் வெச்சு ஏலம் விடுவாரு.”

“நானா கேட்டேன்?” என்றான் மருமகன். “அவங்களா சொன்னாங்க.”

“ஸ்பீக்கர் வாங்கிட்டேல்ல?”

“தள்ளுபடியில வந்துச்சு மாமா.”

செட்டிங் ஏலக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செய்த பல்லுக்கு ஒரு முகம் இருக்கிறது என்பதே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. “போட்டுக்குங்கய்யா” என்றாள். போட்டுக்கொண்டார். “சாப்பிட முடியுதுங்களா?”

“முடியுது.”

“பேச?”

“இப்ப பேசறேனே, தெரியலையா?”

“அப்புறம் என்னங்கய்யா செட் ஆகல?”

“கூவ முடியலம்மா.”

“எங்க, கூவிக் காட்டுங்க.”

அவர் சுற்றிலும் பார்த்தார். “கூட்டம் இல்லாம எனக்கு வராது.” அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்தார். தொட்டிக்கு அருகிலிருந்த முக்காலியில் ஏறினார். பிளாஸ்டரையும் பாலிஷையும் மருமகனையும் எதிரே நிறுத்தினார். ஆளே மாறிவிட்டார்.

“தாடை ஒண்ணு! ஒத்தத் தாடை! கடிக்காது, திட்டாது, எதுத்துப் பேசாது! வீட்டுல மாமியார் இருக்கறவன் வாங்கலாம்! யாரு கேக்கறா?”

“பத்து” என்றான் பாலிஷ்.

“பத்தா? உன் தாடைக்கே பத்து தேறாதுப்பா. பத்து கேக்கறாரு மெருகுக்காரரு, பத்து, பத்து —”

“இருபது” என்றார் பிளாஸ்டர்.

“இருபது, இருபது, வெள்ளைச் சட்டை இருபது, மருமவனே நீ சும்மாவா நிக்கிற, இருபது இருபது, முப்பதா, முப்பது —”

வேகம் ஏற ஏற அறை சின்னதானது. கீழே மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். “முப்பத்தஞ்சு” என்று மருமகன் தன்னை மறந்து கத்தினான். ஏலக்காரர் அதைப் பிடித்துத் திரும்பக் கொடுக்க வாயைத் திறந்தார்; பல் விழுந்தது. முக்காலியில் பட்டு, தரையில் உருண்டு, மேசைக்கடியில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. பாலிஷ் குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

செட்டிங் பல்லைப் பார்க்கவில்லை. “ஏங்கய்யா வாய அந்தப் பக்கம் இழுக்கறீங்க?” என்றாள்.

“எந்தப் பக்கம்?”

அவருக்கே தெரியவில்லை. மருமகன்தான் சொன்னான். மேடையில் அவருக்கு இடப்பக்கம் கணக்கர் உட்கார்ந்திருப்பார். கடைசி விலை அவர் காதில் விழ வேண்டும். ஆனால் ஏலக்காரர் முகத்தைத் திருப்ப முடியாது. கூட்டத்திலிருந்து கண்ணை எடுத்த நொடியில் எவனோ ஒருவன் தலையாட்டிவிடுவான். எனவே பார்வை முன்னால், வாய் மட்டும் இடப்பக்கம். மேடையேறிய நாள் முதல் அப்படித்தான். “வீட்டுல சாப்பிடறப்பவும் அப்படித்தாங்க. நாங்க கவனிக்கறதுகூட இல்ல.”

அந்த ஒரு நூல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

6

இங்கே நிறுத்தி, இதுவரை எழுதியதை அந்த லேபிலேயே ஒருவரிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, “ஆனா அவ சொல்லமாட்டா சார்” என்றார்.

“எதை?”

“கடிய மாத்துனத. யாரும் சொல்லமாட்டாங்க. டாக்டருக்குத் தெரிஞ்சா வேலைய அடுத்த லேபுக்குக் குடுத்துருவாரு. மொதலாளி சும்மா விடுவாரா? அவ என்ன பண்ணுவான்னா, கொஞ்சம் மெழுக உருக்கி அங்கயே அவர கடிக்க வெச்சு, வேற செட்டு செஞ்சு குடுத்துருவா. யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நல்லது.”

“வாயில் கை வைக்க லேப்காரங்களுக்கு உரிமை இருக்கா?”

“இல்ல. அதனாலதான் யாருக்கும் தெரியாதுன்னேன்.”

அந்தப் பாதையில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவள் மெழுகை உருக்கினாள், அவர் கடித்தார், புதிய பல் வந்தது, பின்வரிசை வரை குரல் போனது, மூட்டை தூக்குகிறவர்கள் கைதட்டினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கதை என்னவோ செட் ஆகவில்லை. [எது செட் ஆகவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.] அந்தப் பக்கத்தில் ஏலக்காரருக்குப் பல் கிடைத்துவிட்டது, அவளுக்கு நடந்தது எதுவுமே நடக்காதது மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு கோணல் கடி வரும். கை மறுபடி துறுதுறுக்கும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். லேப்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். பெரும்பாலானவர்கள் சொல்லமாட்டார்கள். நான் ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

7

“தப்பு என்னுதுங்கய்யா” என்றாள் செட்டிங். “உங்க வாய் கோணின மாதிரி வந்துச்சு. சரியா எடுக்கலைன்னு நெனச்சு நானே நேராக்கிட்டேன்.”

ஏலக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என் வாய நேராக்க என் பொண்டாட்டியாலயே முடியல. நீ ஒரே வாரத்துல நேராக்கிட்டியா?”

மருமகன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

“ஏம்மா, மேடைய விட்டு எறங்கிட்டா நான் யாரு? வெறும் வாயி. வீட்டுல ரிமோட்டக் குடுன்னு கேக்கறதுக்கு மட்டும் தொறக்கற வாயி. மெழுகு இருக்குல்ல? குடு. இங்கயே கடிச்சுத் தரேன்.”

“நான் எடுக்கக் கூடாதுங்க. டாக்டர்தான் எடுக்கணும். வாங்க, நானும் வரேன். என்ன பண்ணேன்னு நானே சொல்லிடறேன்.”

பாலிஷ் அவளைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனான். “அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? ‘அட்ஜஸ்ட் பண்ணித் தரோம்’னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது.”

“எத அட்ஜஸ்ட் பண்றது? கடியே தப்பு.”

“மொதலாளி வந்தா?”

“டாக்டர்கிட்ட போயிருக்கேன்னு சொல்லு.”

கிளினிக்கில் கூட்டமில்லை. டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து அவள் வழியெல்லாம் பேச்சைத் தயாரித்திருந்தாள். டாக்டர் கோபப்படவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பழைய மெழுகுக் கடியை வாங்கி, தான் எடுத்ததைத் தானே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “ட்ரையல்ல நானும் கவனிக்கல” என்றார். ஏலக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, கூவிக்கொண்டே வாயை மூடச் சொல்லி, புதிதாகக் கடி எடுத்தார். “புதுசா செய்யணும். வாரக் கடைசிக்குள்ள முடியுமா?”

“முடிச்சுடறேன் டாக்டர்.”

அவள் மெழுகை டப்பாவில் வைத்து மூடிக் கதவுவரை வந்துவிட்டாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்:

“இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு நேராக்கியிருக்கீங்க?”

அவள் டப்பாவைப் பார்த்தாள். “தெரியல டாக்டர்.”

“அவங்க யாரும் திரும்பி வரலையா?”

“வரல. வராதவங்க நல்லா இருக்காங்கன்னுதானே நாம நெனச்சுக்கறோம்.”

டாக்டர் குழாயை மூடினார்.

8

கைவசம் இருக்கும் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, புதிய பல் பொருந்துகிறது, மைக்செட் மீண்டும் மைக்செட் ஆகிறார். நம்ப ஆசை. ஆனால் எந்தப் பல்லும் வாயோடு பழகச் சில வாரமாவது ஆகும் என்று அதே லேப்காரர் எச்சரித்திருக்கிறார்.

இன்னொன்று, நடு ஏலத்தில் பல் ஆட ஆரம்பிக்கிறது. அவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொக்கை வாயோடு கூவுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிடித்திருப்பதாலேயே கொஞ்சம் விலகி நிற்கிறேன்.

மருமகன் ஸ்பீக்கரோடு மேடையேறுகிற முடிவும் உண்டு. அதில் எவருக்கும் கெடுதல் இல்லை, சத்தமும் நன்றாகக் கேட்கும். அதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்து டீ போடப் போய்விட்டேன்.

இவற்றில் எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. வாரக் கடைசி விடியலில் சந்தை எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

லாரிகள் பின்வாங்கி நிற்கின்றன. தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. செட்டு சேர்ந்தவர்கள் முன்வரிசையில் கைகட்டி, தெரியாத முகம் காட்டி நிற்கிறார்கள். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கடைசிக்குப் போகிறார்கள், காதால் அளந்து பார்க்க. மருமகன் ஸ்பீக்கரைத் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். ஏலக்காரர் மேடையேறி, நேற்று மாலை மாட்டிக்கொண்ட பல்லை நாக்கால் ஒருமுறை சுற்றித் தடவுகிறார்.

செட்டிங்கும் வந்திருக்கிறாள். தான் செய்த பல் வேலை செய்வதைப் பார்க்க அவள் ஒரு இடத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை. ஆனால் அவள் மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் வயதான வாய்களாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். டீயை ஒரு பக்கமாக உறிஞ்சும் ஒருவர். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் ஒரு பெண்மணி. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டும் இன்னொருவர். பழக்கமா, கூச்சமா, வலியா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அந்தப் பெண்மணியின் அருகில் போய் நிற்கிறாள் செட்டிங். “அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்க பல்லு எங்க செஞ்சீங்க?”

பெண்மணி வாயிலிருந்து கையை எடுக்காமலே அவளைப் பார்க்கிறார்.

மேடையில் முதல் பெட்டி ஏறிவிட்டது. நான் முன்வரிசைக்கு அருகில் நிற்கிறேன். இங்கே நிற்பவனுக்கு எது சொன்னாலும் கேட்கும், என் சாட்சி செல்லாது. கடைசி வரிசையில், லாரிக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான். கணக்கர் இடப்பக்கம் பேனாவைத் திறந்துவிட்டார். ஏலக்காரர் கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறக்கிறார்.

கேட்டதா?